விக்டர் சோய்: சாவு எதை அழித்தது?

"ரஷ்ய நகரங்களின் சுவர்களில் 'சோய் உயிரோடு இருக்கிறார்' என்று இன்னும் எழுதிவைக்கிறார்களே, யார் இந்த சோய்? உண்மையிலேயே பெரிய பாடகரா, இல்லை சின்ன வயதில் செத்ததால் வந்த புகழா?" இதுதான் கேள்வி.

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாவு அவருக்குப் புகழைக் கொண்டுவரவில்லை. 1990 ஜூன் 24 அன்று, மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் சோயின் ராக் இசைக் குழுவான 'கினோ' பாடியபோது அங்கே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். 1980 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய தீபத்தை அன்றைக்கு அவர்களுக்காக மறுபடி ஏற்றினார்கள். அதிலிருந்து 52 நாள் கழித்து சோய் இறந்தார். அப்போது அவருக்கு மேலே ஏற இடமே இல்லை. சோவியத் நாட்டில் அதைவிடப் பெரிய மேடை கிடையாது. சாவு செய்த வேலை வேறு. கறுப்பு உடையில், முகவாயை நிமிர்த்தி நிற்கும் வீரன் ஒருவனை மட்டும் விட்டுவைத்து, அதற்கு முன்னால் இருந்த குறும்புக்காரப் பையனைத் துடைத்துவிட்டது. எனக்கு அந்தப் பையனைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

சோய் பிறந்தது 1962 ஜூன் 21, லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). அப்பா ராபர்ட் பொறியாளர், கொரிய வம்சாவளி. 1937-ல் ஸ்டாலின் ஆட்சி தூரக் கிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்கு மொத்தமாகப் பெயர்த்து அனுப்பிய கொரியர்களின் வழிவந்தவர். அம்மா வலந்தீனா ரஷ்யர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஒரே பிள்ளை. நன்றாகப் படம் வரைவான் என்று ஓவியப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே தூரிகையை விட கிடாரில்தான் கை போனது. மதிப்பெண் சரியில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்தது தொழிற்பயிற்சிப் பள்ளி, மரச்சிற்ப வேலை. புரூஸ் லீ என்றால் உயிர். பிற்காலத்தில் மேடையில் அவர் நிற்கும் விதத்தில் அந்தச் சாயலைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து லெனின்கிராட்டில் ராக் பாடகன் எப்படிப் பிழைத்தான் என்று தெரியாமல் சோயின் வளர்ச்சி புரியாது. இசைத்தட்டு வெளியிட ஒரே ஒரு நிறுவனம், அரசின் 'மெலோதியா'. காசு வாங்கிக்கொண்டு மேடையேற வேண்டுமானால் அரசு இசை அமைப்பு ஒன்றில் தரம் பிரித்துப் பதிவான தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் 'அமெச்சூர்'. அமெச்சூர் டிக்கெட் போட்டுக் காசு பார்த்தால் அது சட்டவிரோத வியாபாரம். 'வஸ்க்ரெசேனியே' குழுவின் அலெக்சேய் ரொமானவ் 1983-ல் இதற்காகவே கைதானார். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பாட்டெழுதலாம் என்றால் அதற்கும் சட்டம் விடாது. வேலை இல்லாதவன் 'ஒட்டுண்ணி', அது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே அந்தத் தலைமுறைப் பாடகர்களில் பாதிப்பேர் இரவுக் காவலாளி, இல்லையென்றால் கொதிகலன் அறைத் தொழிலாளி. சம்பளம் சொற்பம். ஆனால் வேலை அட்டையில் முத்திரை விழுந்துவிடும், மிச்ச நேரம் கைக்கு வந்துவிடும்.

பாட்டு மக்களிடம் போனது இரண்டு வழிகளில். ஒன்று வீட்டுக் கச்சேரி: யாரோ ஒருவரின் அடுக்குமாடி வீட்டு அறையில் முப்பது நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார, ஆளுக்கு ஒன்றிரண்டு ரூபிள் காதும் காதும் வைத்தாற்போல் கைமாறும். இன்னொன்று ஒலிநாடா. ஒருவர் பதிவு செய்ய, அதை இன்னொருவர் நகலெடுக்க, அந்த நகலிலிருந்து வேறொருவர் நகலெடுக்க, இரைச்சலும் சேர்ந்துகொண்டே அது சைபீரியா வரை போய்ச் சேரும்.

1981 மார்ச்சில் ரூபின்ஸ்டைன் தெரு 13-ஆம் எண் கட்டடத்தில் லெனின்கிராட் ராக் கிளப் திறந்தது. இளைஞர்கள் எங்கெங்கோ பதுங்கிப் பாடுவதை விட ஒரே கூரையின் கீழ் பாடினால் கண்காணிப்பது சுலபம் என்பது கேஜிபியின் கணக்கு என்பார்கள். பாடல் வரிகளை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்க வேண்டும். மேடையில் ஆடக் கூடாது, அரங்கில் எழுந்து நிற்கக் கூடாது. இருந்தாலும் மேடை மேடைதானே. அந்தக் கிளப் மட்டும் இல்லையென்றால் சோய் நண்பர்கள் வட்டத்துக்குள்ளேயே நின்றிருப்பார் என்பது என் எண்ணம்.

அதே 1981 கோடையில் சோய், அலெக்சேய் ரீபின், ஒலேக் வலீன்ஸ்கி மூவரும் கிரிமியாக் கடற்கரைக்குப் போனபோது ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'காரினும் ஹைபர்போலாய்டுகளும்', அலெக்சேய் தல்ஸ்தோயின் அறிவியல் புனைகதையிலிருந்து உருவியது. வலீன்ஸ்கியை ராணுவம் கட்டாய சேவைக்கு அழைத்துக்கொண்டது. மிஞ்சிய இருவரும் பெயரை 'கினோ' என்று மாற்றிக்கொண்டார்கள்.

திருப்பம் ஒரு புறநகர் மின்சார ரயிலில் வந்தது. 'அக்வாரியம்' குழுவின் போரிஸ் கிரெபென்ஷிகோவ் அப்போதே லெனின்கிராட் ராக் உலகில் பெரியவர். அந்தப் பெட்டியில் அவரும் இருந்தார். சோய் கிடாரை எடுத்து இரண்டு மூன்று பாட்டு பாடிக்காட்டினார். கிரெபென்ஷிகோவ் அதோடு விடவில்லை. அந்திரேய் த்ரொபில்லோவிடம் அழைத்துப் போனார். இந்த த்ரொபில்லோ ஒரு தனிப்பிறவி. சிறுவர்களுக்கான 'பயனியர் மாளிகை' ஒன்றில் ஒலிப்பதிவுப் பயிற்சி வகுப்பு நடத்துவதாகக் கணக்குக் காட்டிக்கொண்டு, அரசாங்கக் கட்டடத்திலேயே தலைமறைவு ராக் இசைக்கு ஸ்டுடியோ நடத்தியவர். 1982-ல் அங்கேதான் முதல் ஆல்பம் பதிவானது. கினோவிடம் ஆள் போதவில்லை. அக்வாரியம்காரர்கள் செல்லோவும் புல்லாங்குழலும் வாசித்துக்கொடுத்தார்கள். மொத்தம் 45 நிமிடம், அதனால் தலைப்பும் '45'.

இந்த '45'-ஐக் கேட்டால், பின்னாளைய வீரனைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். போக விரும்பாத இடத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டு போகும் ரயிலின் வாசற்படியில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். எட்டாம் வகுப்பு மாணவியோடு தெருவில் நடந்து போகிறவன், அவள் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுக்கொள்கிறான். வேலை வெட்டி இல்லாத ஒருவன் தான் சும்மா இருப்பதையே பாட்டாகப் பாடுகிறான். தார்ப்பாய் வயலில் அலுமினிய வெள்ளரிக்காய் நடுகிறவன்கூட உண்டு. அதற்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். வேடிக்கைதான் அதன் அர்த்தம் என்று விட்டுவிடுவது நல்லது. பெரிய சொல் ஒன்றும் இல்லை. சிகரெட், தேநீர், மழை, தெரு, காசில்லாத சட்டைப்பை, அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்தில், மேடைப் பேச்சு முழுக்கப் பெரிய சொற்களால் ஊதிப் பெருத்திருந்த ஒரு நாட்டில், இப்படிச் சின்னச் சொற்களை வைத்துக்கொண்டு ஒருவன் பாடியதே புதிதாக ஒலித்தது.

1983-ல் ரீபின் பிரிந்து போனார். கிடாருக்கு யூரி கஸ்பர்யான் வந்தார். அடுத்தடுத்து டிரம்ஸுக்கு கியோர்கி குர்யானவ், பேஸ் கிடாருக்கு முதலில் அலெக்சாந்தர் தீத்தவ், பிறகு இகோர் திகமீரவ். குர்யானவ் உட்கார மாட்டார், நின்றுகொண்டே வாசிப்பார். கஸ்பர்யானின் கிடார் ஈரமாக எதிரொலிக்கும். இருவரும் சேர்ந்ததும் கினோவின் ஒலி மாறியது. இங்கிலாந்தின் 'தி க்யூர்', 'தி ஸ்மித்ஸ்' போன்ற குழுக்களின் தட்டுகள் கள்ளத்தனமாகக் கைமாறி வந்துகொண்டிருந்த காலம்; அந்தத் தாக்கம் தெளிவாகவே தெரியும். ஆனால் மேலே வரும் குரல் இரவல் இல்லை. கனத்த குரல், அலங்காரமே கிடையாது, உணர்ச்சியைக் கொட்டாது. அழ வேண்டிய வரியையும் செய்தி வாசிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போவார்.

1984 ராக் கிளப் விழாவில் கினோ பரிசு பெற்றது. அதில் ஒரு வேடிக்கை. 'என் வீட்டை அணு ஆயுதம் இல்லாத மண்டலமாக அறிவிக்கிறேன்' என்கிற பாட்டுக்குச் சிறந்த போர் எதிர்ப்புப் பாடல் என்று பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க ஏவுகணைகளைக் கண்டிப்பதாக அதிகாரிகள் எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பாட்டின் கிண்டல் எந்தப் பக்கம் திரும்பியது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

கொதிகலன் கதையை எல்லாருமே சொல்வார்கள். 1986 இலையுதிர்காலம் முதல் 1988 தொடக்கம் வரை, ப்ளோகின் தெருவின் 'கம்சாத்கா' என்ற கொதிகலன் அறையில் சோய் கரி அள்ளிப் போட்டார். அந்த இடம் இப்போது அருங்காட்சியகமும் சிறு மேடையுமாக இருக்கிறது. 'கம்சாத்காவின் தலைவன்' என்ற ஆல்பத்துக்கு இந்த வேலையால்தான் பெயர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆல்பம் வந்தது 1984-ல், வேலைக்குச் சேர்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், அவர் கரி அள்ளிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் குரல் அமெரிக்காவில் விற்பனைக்கு இருந்தது. கலிஃபோர்னியாப் பாடகி ஜோஆன்னா ஸ்டிங்ரே, லெனின்கிராட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் நாடாக்களைச் சுங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவிக் கடத்திக்கொண்டு போனார். 1986-ல் 'சிவப்பு அலை' என்ற இரட்டைத் தட்டாக அங்கே வெளியிட்டார். நான்கு லெனின்கிராட் குழுக்கள், தட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழுவுக்கு. ஒரு பக்கம் கினோவுக்கு. வெளிநாட்டில் தட்டு வந்துவிட்ட பிறகு உள்நாட்டில் இவர்கள் இல்லவே இல்லை என்று நடிப்பது அரசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மெலோதியாவும் 1988-ல் கினோவின் 'இரவு' ஆல்பத்தைத் தட்டாகப் போட்டது. குழுவுக்குச் சரியாகச் சொல்லக்கூட இல்லை, அவர்களுக்கு அதில் திருப்தியும் இல்லை.

நாட்டை நிஜமாக உலுக்கியது 1988-ன் 'ரத்த வகை'. ஸ்டிங்ரே கொண்டுவந்து கொடுத்த நான்கு தடப் பதிவுக் கருவியில், வீட்டிலேயே பதிவு செய்தது. தலைப்புப் பாட்டில் ஒரு சிப்பாய் தன் சட்டைக் கையில் ரத்த வகையும் வரிசை எண்ணும் எழுதிக்கொண்டு போருக்குப் போகிறான். எந்தப் போர் என்று பாட்டு சொல்லவில்லை. ஆப்கானிஸ்தானிலிருந்து படைகள் திரும்பத் தொடங்கிய வருடம் அது. கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. இங்கேதான் பழைய சோய் மாறுகிறார். மின்சார ரயிலும் எட்டாம் வகுப்பு மாணவியும் போய், நட்சத்திரம், போர், இரவு, பாதை என்று சொற்கள் பெரிதாகின்றன. ஊர் பேர் தேதி எதுவும் கிடையாது. அதனாலேயே அந்தப் பாட்டுகள் யாருக்கும், எந்தக் காலத்துக்கும் பொருந்திப்போகின்றன. அவற்றின் பலமும் பலவீனமும் அதுதான்.

'மாற்றங்கள்' பாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 1986-ல் ராக் கிளப்பில் பாடியது. செர்கேய் சொலவ்யோவ் அதைத் தன் 'அஸ்ஸா' படத்தின் இறுதிக் காட்சியாக்கினார். வேலை கேட்டு வந்த பாடகனுக்கு ஓர் உணவக நிர்வாகி விதிமுறைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருக்கிறாள். அவனோ பாதியிலேயே எழுந்து போய் மேடையேறிப் பாடத் தொடங்குகிறான். உணவகம் மறைந்து, தீக்குச்சி வெளிச்சங்களோடு கடலாக விரிகிறது கூட்டம். படம் 1988-ல் திரைக்கு வந்தபோது நாடு முழுக்க 'பெரஸ்த்ரோய்க்கா' என்ற சீர்திருத்தப் பேச்சு. பாட்டு அரசியல் கீதமாகிவிட்டது. 1991 ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது தெருத் தடுப்புகளில் ஒலித்தது. 2020 ஆகஸ்டில், பெலாரஸின் மின்ஸ்க் நகரில் அரசு சார்பு நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு ஒலி அமைப்பாளர்கள் இதைப் போட்டுவிட்டு பத்து நாள் சிறைக்குப் போனார்கள்.

இது அரசியல் பாட்டு இல்லை, மனிதனுக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றியது என்பதே குழுவினரின் வாதம். வரிகளைப் பார்த்தால் அதில் பாதி நியாயம் உண்டு. பல்லவி மாற்றம் கேட்டு முழங்குகிறது, சரி. சரணத்தில் இருப்பதோ சமையலறை, கையில் சிகரெட், மேசையில் தேநீர். பின்பகுதியில் ஒரு வரி வருகிறது: எதையாவது மாற்ற வேண்டுமென்றால் திடீரென்று நமக்குப் பயம் வந்துவிடுகிறது என்று. கூட்டத்தில் பல்லவியை முழங்குகிறவர்கள் இந்த வரியைக் கேட்பதே இல்லை. '45' எழுதிய பையன் அந்த ஒற்றை வரியில் எட்டிப் பார்க்கிறான்.

அதே 1988-ல் ரஷீத் நுக்மானவ் இயக்கி, கஸக்ஸ்தானின் அல்மா-அத்தாவில் எடுத்த 'ஊசி' வந்தது. போதைப்பொருளுக்கு அடிமையான பழைய காதலியை மீட்கத் தனியாளாகப் போராடும் மொரோ என்ற பாத்திரம் சோய்க்கு. நடிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கறுப்புக் கோட்டு, குறைவான பேச்சு, கொஞ்சம் அடிதடி. அதுவே சக்கைப்போடு போட்டது. பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். 'சவியெத்ஸ்கி எக்ரான்' இதழின் வாசகர்கள் அவரை 1989-ன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் கத்திக்குத்து வாங்கிய மொரோ பனியில் எழுந்து, சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்து போகிறான். இரண்டு வருடத்தில் செத்துப்போகிற ஒருவருக்கு இப்படி ஒரு காட்சி அமைந்துவிட்டால் ரசிகர்களை யார் தடுக்க முடியும்?

பிறகு விளையாட்டரங்கங்கள்தான். ஃபிரான்சின் பூர்ஜ் விழா வரை போய்வந்தார்கள். நிர்வாகத்துக்கு யூரி ஐஸன்ஷ்பிஸ் வந்தார். சோவியத் காலத்தில் அந்நியச் செலாவணிக் குற்றத்துக்காகப் பல வருடம் சிறையில் கழித்து, வெளியே வந்ததும் நாட்டின் முதல் தலைமுறை ஷோ பிசினஸ் ஆட்களில் ஒருவரானவர். வீட்டுக் கச்சேரிக்காரர்கள் ஏழெட்டு வருடத்தில் அரங்கத்துக்கு வந்துவிட்டார்கள். 1989-ன் 'சூரியன் என்ற நட்சத்திரம்' ஆல்பத்தில் களைப்பு தெரிகிறது. புகழின் நடுவில் ஒரு தனிமை. சிகரெட் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கும் வரை இன்றைய நாள் அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் பாட்டு இதில்தான்.

1990 கோடையை சோய் லாத்வியாவின் கடலோர கிராமம் ஒன்றில் கழித்தார். கஸ்பர்யானும் அங்கே வந்திருந்தார். அடுத்த ஆல்பத்துக்கான பாட்டுகளை ஒரு நாடாவில் தோராயமாகப் பதிவு செய்துவைத்தார்கள். ஆகஸ்ட் 15 விடியற்காலையில் சோய் தனியாக மீன்பிடிக்கப் போனார். திரும்பும்போது, நண்பகல் வாக்கில், ஸ்லோக்கா–தல்சி சாலையின் 35-ஆவது கிலோமீட்டரில் அவருடைய மோஸ்க்விச் கார் எதிர்த் திசைக்கு விலகி, வந்துகொண்டிருந்த இகாரஸ் பேருந்தில் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பேருந்து ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். சோய் குடித்திருக்கவில்லை, ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. வயது 28. ஆகஸ்ட் 19 அன்று லெனின்கிராட்டின் பகஸ்லோவ்ஸ்கொயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ரசிகர்கள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கிவிட்டார்கள்.

கொலை என்று சொல்கிறவர்களும் அன்றிலிருந்து உண்டு. ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டியதில்லை. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி ஒருவன் செத்துப்போவதை ஏற்க மனம் வராதபோது கதைகள் முளைக்கும். 2014-ல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் யெவ்கேனி ஃபியோதரவ் இன்னும் ஒரு படி மேலே போனார்: சோயின் பாட்டுகளை எழுதிக்கொடுத்ததே அமெரிக்க உளவுத்துறை சிஐஏ என்றார். அலுமினிய வெள்ளரிக்காயை எந்த அதிகாரி எழுதினார் என்று அவர் சொல்லவில்லை.

நாடாவில் இருந்த குரலை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் மற்ற மூவரும் வாசித்து அந்த ஆல்பத்தை முடித்தார்கள். அட்டை முழுக்கக் கறுப்பு. ஊர் அதைக் 'கறுப்பு ஆல்பம்' என்றே அழைத்தது. கினோவும் அதோடு கலைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. சோயின் சமகாலத்தவர்களுக்கு வயதானது. தொண்ணூறுகளின் பணத்தோடும் அதிகாரத்தோடும் அவரவர் வழியில் சமரசமோ சண்டையோ செய்தார்கள். இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் அரசியலை வைத்து யார் பக்கம் என்று கேட்க முடியும். சோயிடம் கேட்க முடியாது. எல்லாத் தரப்பும் அவரைச் சொந்தம் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாஸ்கோவின் அர்பாத் தெருவை ஒட்டிய சந்துச் சுவரில், அவர் இறந்த அன்று ஒருவர் 'இன்று சோய் இறந்தார்' என்று எழுத, கீழே இன்னொருவர் 'உயிரோடு இருக்கிறார்' என்று பதில் எழுதினார் என்பார்கள். நீங்கள் கேட்ட வாசகம் அங்கிருந்து பரவியதுதான்.

2021-ல் கஸ்பர்யானும் திகமீரவும் தீத்தவும் மறுபடி மேடையேறினார்கள். பாடியது பழைய பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்த சோயின் குரல். குர்யானவ் 2013-லேயே இறந்துவிட்டார். கச்சேரி நிரம்பி வழிந்தது. எனக்கு அதில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. அந்தக் குரல் பக்கத்திலேயே ஆள் நின்று பாடுவதுபோல இருப்பதுதான் அதன் அழகு. பெரிய திரையும் ஒலிபெருக்கியும் அதைச் சிலையாக்கிவிடுகின்றன.

கேட்டுப் பார்க்க நினைத்தால், மொழி தெரியாதவர்கள் 'ரத்த வகை'யில் தொடங்கலாம். தாளமும் கிடாரும் தாமாகவே இழுத்துக்கொள்ளும். அடுத்து 'இரவு'. கறுப்பு ஆல்பத்தில் உள்ள 'குயில்' பாட்டை எல்லாரும் முதலில் அனுப்பிவைப்பார்கள், பிற்பாடு வேறு பாடகர்கள் பாடிய வடிவங்களும் ஏராளம். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு '45'-ஐ ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். ஒலித்தரம் சுமார்தான், கிடார் அங்கங்கே தடுமாறும், பாடுகிறவனுக்கு வயது இருபது.